வேங்கையும் செம்மரமும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாளுக்கு ஒன்றாகக் கட்டியது என்பார்கள். ஏறி முடித்தவர்கள் மூச்சு வாங்கியபடி நேரே சந்நிதிக்கு விரைந்துவிடுவது வழக்கம். அப்படி விரையாமல், மேலே ஒரு மதிலோரமாக நின்று வடதிசையைப் பார்க்கிறவர்களுக்கு வேறொரு தரிசனமும் கிடைக்கும். வயல்களையும் ரயில் பாதையையும் தாண்டி நீலமாக ஒரு மலை வரிசை எழும்பி நிற்கும். அதுதான் நகரி மலை. அதன் சிகரம் ஒன்று மனித மூக்கைப் போலத் துருத்திக்கொண்டிருக்கும். சென்னைக்குக் கப்பலில் வந்த பழைய மாலுமிகள் அதற்கு ‘நகரி மூக்கு’ என்றே பெயர் வைத்து, கடலிலிருந்து கரைக்கு அடையாளம் பார்த்துக்கொண்டார்கள். மூக்குக்கு அப்பாலும் மலைகள் முடிவதில்லை. திருப்பதியின் சேஷாசலம், அதற்கு வடக்கே பாலகொண்டா, லங்கமல்லா, கிழக்கே வெலிகொண்டா என்று கடப்பை, நெல்லூர்ச் சீமைகள் வரையில் போய்க்கொண்டே இருக்கின்றன.

அந்த மலைகளில் இரண்டு மரங்கள் இருக்கின்றன. இரண்டும் உடன்பிறந்தவை. ஒன்று, படியேறி வந்து நாம் கும்பிடுகிற முருகன் ஒரு நாள் தானே உருவெடுத்து நின்ற மரம். மற்றொன்று, மலைக்குக் கீழே எல்லைச் சாவடிகளில் போலீஸார் பஸ்களை நிறுத்திப் பிரயாணிகளின் முகத்தையும் மூட்டையையும் உற்றுப் பார்ப்பதற்குக் காரணமான மரம். முதல் மரம் வேங்கை. இரண்டாவது செம்மரம். நம் வீட்டுப் பெரியவர்கள் செஞ்சந்தனம் என்பார்கள். ஒரே குடும்பத்தில் பிறந்த இருவருக்கு இப்படி இரண்டு ஜாதகம் வாய்த்தது எப்படி என்பது, நாவல் எழுதுகிற என் போன்றவனுக்கு விட்டுவிட முடியாத கேள்வி.

மரங்களை ஜோடி சேர்த்துப் பார்க்கும் பழக்கம் புதிதல்ல. இங்கிலாந்தில் ஓக் என்கிற மரம் இரண்டு வகை. ஒன்றில் காய்க்குக் காம்பு உண்டு, இலைக்கு அநேகமாக இல்லை. மற்றதில் இலைக்குக் காம்பு உண்டு, காய்க்கு இல்லை. இந்தக் காம்பு விவகாரத்தை வைத்துக்கொண்டு அந்த நாட்டுத் தாவர சாஸ்திரிகள் தலைமுறை தலைமுறையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஓக்கும் கப்பலுக்கும் உத்தரத்துக்கும் ஒன்று போலவே உதவின. இரண்டுக்கும் ஒரே தலையெழுத்து. நம் ஊர் ஜோடியின் கதை அப்படியல்ல.

முதலில் அங்க அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துக்குள் டெரோகார்பஸ் என்ற கிளை. கிரேக்க மொழியில் ‘சிறகுள்ள கனி’ என்று பொருள். காயைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயரின் நியாயம் புரியும். தட்டையாக, வட்டமாக, நடுவில் விதையும் சுற்றிலும் மெல்லிய இறக்கையுமாக, சின்ன அப்பளம் போல் இருக்கும். காற்றடித்தால் பறந்துபோய் வேறிடத்தில் விழும். பூ இரண்டுக்கும் மஞ்சள். இரண்டையும் வெட்டினால் வெட்டுவாயில் ரத்தம் போலச் சிவப்பாகக் கசியும். இவ்வளவும் ஒற்றுமை.

வித்தியாசம் இலையில் தெரியும். ஒரு காம்பில் செம்மரத்துக்குப் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள். வேங்கைக்கு ஐந்து முதல் ஏழு வரை. செம்மரத்தின் பட்டை கறுத்து, ஆழமாக வெடித்து, கட்டம் கட்டமாக முதலைத் தோல் போலிருக்கும். வேங்கைப் பட்டை சாம்பல் பூத்து, நெடுக்காக வெடித்திருக்கும். வேங்கை நல்ல மண்ணும் மழையும் கிடைத்தால் நூறு அடி வரையில் ஓங்கும். செம்மரம் முப்பது, முப்பத்தைந்து அடிக்கு மேல் போனால் அதிகம். ஆனால் அதன் வைரக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் கல் மாதிரி மூழ்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம், அவை குடியிருக்கும் இடம். வேங்கை தேசாந்தரி. குஜராத்திலிருந்து மத்திய இந்தியா, மேற்குத் தொடர்ச்சி மலை, நம் ஜவ்வாது மலை, இலங்கை வரைக்கும் எங்கும் காணலாம். செம்மரமோ பிறந்த வீட்டைவிட்டு நகராத பெண் மாதிரி. உலகத்திலேயே அது தானாக வளரும் இடம் நான் மேலே சொன்ன மலைகளும் அவற்றின் ஓரங்களுந்தான். கற்பாங்கான வறண்ட சரிவும், இரண்டு பருவமும் கொஞ்சம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மழையும் அதற்கு வேண்டும். சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்நூல் பகுதிகளைத் தாண்டினால், நம் பக்கத்து வேலூர், திருவள்ளூர்க் காடுகளில் சிறு துண்டுகளாக இருப்பதோடு சரி.

வேங்கையின் அதிருஷ்டம், அது தமிழ்க் கவிகளின் கண்ணில் வெகு காலத்துக்கு முன்பே பட்டுவிட்டது. அந்தச் சொல்லே இரட்டைப் பொருள். மரமும் வேங்கை, புலியும் வேங்கை. கவிகளுக்கு வேறென்ன வேண்டும்? கரும்பாறையின் மேல் வேங்கைப் பூ உதிர்ந்து கிடப்பது புலிக்குட்டி படுத்திருப்பது போலத் தெரிவதாகக் குறுந்தொகையில் ஒரு புலவர் பார்த்தார். பூத்த மரத்தைப் புலி என்று மயங்கி யானை மோதுவதும், பூப்பறிக்கப் போன பெண்கள் ‘புலி, புலி’ என்று கூவுவதும் சங்கப் பாட்டுக்களில் திரும்பத் திரும்ப வரும். வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது என்று அர்த்தம். தினை முற்றினால் காவலுக்கு வந்த பெண் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். காதலனைப் பார்க்க முடியாது. ஆகவே கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டியதுதான். இப்படி நாள் குறித்துக் கொடுப்பதனால் அந்த மரத்தைச் சோதிடனாகவே பாவித்து, ‘கணி’ என்று பட்டமும் சூட்டியிருக்கிறார்கள். மதுரையை எரித்துவிட்டு மலை நாட்டுக்கு வந்த கண்ணகியைக் குறவர்கள் கண்டதும் ஒரு வேங்கை மரத்து நிழலில்தான்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தது வள்ளியின் கதை. கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணத்தில் வருகிறபடி, தினைப் புனத்தில் பரண் மேல் நிற்கும் வள்ளியிடம் முருகன் வேடன் கோலத்தில் வந்து பேச்சுக் கொடுக்கிறான். அந்த நேரம் பார்த்துத் தகப்பன் நம்பிராஜன் பரிவாரத்தோடு வந்து சேர்கிறான். ஓடி ஒளிய இடமில்லை. முருகன் நின்ற இடத்திலேயே வேங்கை மரமாகிவிடுகிறான். இங்கே புராணக்காரர் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார். வந்த வேடர்களுக்கு மரம் புதிது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. நேற்றில்லாத மரம் இன்று எப்படி வந்தது என்று கலவரமடைந்து, வெட்டிச் சாய்த்துவிட வேண்டும் என்று குதிக்கிறார்கள். நம்பிராஜன் தடுக்கிறான். மகளைக் கேட்கிறான். ‘எப்படி வந்ததென்று தெரியவில்லை, மாயம் போல் முளைத்தது’ என்கிறாள் அவள். சரி, உனக்கு நிழலாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவன் போய்விடுகிறான். தகப்பன்மார்கள் எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார்கள் என்பது ஒருபுறமிருக்க, காட்டில் வாழ்கிறவனுக்கு ஒரு மரத்தைப் பார்த்ததும் முதலில் கை போவது கோடரிக்குத்தான் என்பதைக் கச்சியப்பர் சரியாகக் கண்டுகொண்டிருக்கிறார்.

இந்த நாடகம் நடந்த இடம் தங்கள் ஊர்தான் என்று மேல்பாடிக்குப் பக்கத்து வள்ளிமலையும் சொல்லும், குமரி ஜில்லாவின் வேளிமலையும் சொல்லும். வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. கல்யாணம் முடிந்து கோபமெல்லாம் தணிந்து முருகன் வந்து அமர்ந்த இடம் தணிகை என்பதில் மட்டும் நம்மவர்களுக்குள் தகராறு இல்லை.

பாட்டில் ஏறிய மரம் வீட்டுக்குள்ளும் வந்தது. வேங்கைப் பாலைக் காய்ச்சி இறுக்கினால் கறுத்துப் பளபளக்கும். மலைஜாதிக்காரர்கள் அதைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொண்டுவந்து சந்தையில் விற்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் குழந்தையின் நெற்றியில் இட்டால் அதுதான் வேங்கைப் பொட்டு. எத்தனை விதமான சாந்துப் பொட்டு கடைக்கு வந்தாலும், சில வீடுகளில் அந்தக் கொட்டாங்கச்சிக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. இதே பிசினை வெள்ளைக்காரன் ‘மலபார் கினோ’ என்று பெயரிட்டு வயிற்றுப்போக்குக்கு மருந்தாக வைத்துக்கொண்டான்.

வேங்கைக் கட்டையைக் குடைந்து செய்த டம்ளர் ஒன்றும் உண்டு. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழுப்பு நிறமாகும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் நீலம் மின்னும். நீரிழிவுக்காரர்கள் அதைக் குடிக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்கூட 1990-களில் வேங்கையை எடுத்து நோயாளிகளிடம் சோதித்தது. அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம். எனக்குச் சுவாரசியம் அந்த நீலத்தில்தான். பிலிப்பைன் தீவுகளில் வேங்கைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று இருக்கிறது. அந்த மரத்துக் கிண்ணங்களும் தண்ணீரில் இதே ஜாலத்தைக் காட்டும். பதினேழாம் நூற்றாண்டில் அப்படிப்பட்ட அதிசயக் கிண்ணம் ஒன்று, மெக்ஸிகோவிலிருந்த சேசு சபையார் மூலம் ரோமாபுரியில் கிர்ச்சர் என்ற பண்டிதர் கைக்கு வந்தது. அவர் அதைச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக்கினார். 1646-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அந்த மின்னலைப் பற்றி எழுதியும் வைத்தார். நம் சந்தையில் அதன் உறவுக்காரன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறான்.

இனி இளையவன் கதை.

செம்மரத்தின் துரதிருஷ்டம் பெயரிலேயே தொடங்குகிறது. அதைச் சந்தனம் என்றார்கள். தமிழில் செஞ்சந்தனம், தெலுங்கில் எர்ர சந்தனம், வடமொழியில் ரக்த சந்தனம். அரேபிய வைத்தியர்களும், அவர்களிடமிருந்து படித்த ஐரோப்பிய வைத்தியர்களும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று சந்தனம் உண்டென்று நம்பி, மூன்றையும் ஒன்றாய் இடித்துச் சூரணம் செய்தார்கள். உண்மையில் சந்தன மரத்துக்கும் இதற்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. சந்தனம் வேறு குடும்பம். மண்ணுக்கடியில் பக்கத்து மரத்தின் வேரைத் தன் வேரால் பற்றி உறிஞ்சி வளர்கிற சோம்பேறி. செம்மரம் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்கிறது. சந்தனத்தின் வாசனையும் அதற்கு இல்லை. சிவப்பும் கனமும் வைரமும் மட்டுந்தான் அதன் சொத்து.

பொய்யான இந்த உறவுக்கு முத்திரை குத்தியவர்களும் சாஸ்திரிகளே. 1768-இல் தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்களின் வைத்தியராக யோஹான் கேனிக் என்பவர் வந்தார். செடிகொடிகளுக்குப் பெயர் வைக்கும் முறையையே வகுத்த லின்னேயஸின் மாணவர். ஊரூராக நடந்து செடி சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படிப் போன ஒரு மாதிரியை வைத்து லின்னேயஸின் மகன் 1782-இல் செம்மரத்துக்குப் பெயர் சூட்டினார். டெரோகார்பஸ் என்று குடும்பத்தைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் கூடவே ‘சந்தனம் போன்றது’ என்று பொருள்படும் ஓர் அடைமொழியையும் ஒட்டிவிட்டார். வேங்கைக்குப் பெயர் வைத்தவர் கம்பெனியின் தாவர சாஸ்திரியான ராக்ஸ்பர்க். சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றி லண்டனில் அச்சான பெரிய சித்திரப் புத்தகத்தில், அந்த நூற்றாண்டு முடிகிற தறுவாயில், காயின் உருவத்தைப் பார்த்துப் ‘பை’ என்ற பொருளில் ‘மார்சூப்பியம்’ என்றார். அண்ணனுக்குப் பை, தம்பிக்குச் சந்தனம். எந்தப் பையில் பணம் விழப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

சாஸ்திரிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே வியாபாரிகள் வந்துவிட்டார்கள். இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டு மன்னருடைய சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த பாகசாஸ்திரத்தில், பண்டங்களுக்குச் சிவப்பு ஏற்ற இந்தக் கட்டைத் தூளைப் போடச் சொல்லியிருக்கிறது. கடப்பைக் காட்டு மரம் லண்டன் அரண்மனை அடுப்படிக்குப் போனதென்றால், எத்தனை கழுதை, எத்தனை ஒட்டகம், எத்தனை கப்பல் மாறியிருக்கும்! பிற்பாடு டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பழவேற்காடு திருத்தணியிலிருந்து ஒரு பகல் பிரயாணம். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவின் சாயப் பட்டறைகளுக்குச் செம்மரம் கட்டை கட்டையாகப் போயிற்று. கம்பளிக்குச் சாயம், மருந்துக்கு நிறம், மர சாமான்களுக்கு மெருகு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேங்கைக் கட்டை தன் நிறத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். செம்மரத்தின் சிவப்புச் சாயம் தண்ணீரில் கரையாது. சாராயத்தில்தான் கரையும்.

1856-இல் பெர்கின் என்ற பதினெட்டு வயது இங்கிலீஷ் பையன், மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய்த் தற்செயலாகச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தான். மரச்சாய வியாபாரம் படிப்படியாகப் படுத்தது. அதே 1856-இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடிற்று. சில வருஷங்களில் அரக்கோணத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து, திருத்தணி, புத்தூர் வழியாக ரேணிகுண்டாவுக்குப் போய், செம்மரக் காட்டின் வாசலிலேயே நின்றது. சாயத்துக்குக் கிராக்கி குறைந்த காலத்தில் ரயில் வந்து சேர்ந்தது மரத்தின் நல்ல காலம் என்றே நினைக்கிறேன். முன்னாலேயே வந்திருந்தால் இன்று எழுத விஷயமே இருந்திராது. 1882-இல் சென்னை ராஜதானியின் காட்டுச் சட்டம் வந்தது. காடுகளுக்கு எல்லைக்கல் நட்டார்கள்.

அதன்பின் நீண்ட காலம் செம்மரம் ஏழை வீட்டுச் சாமான். கறையான் அண்டாது என்பதால் வீட்டுக்குத் தூண், வேலிக்குக் கால், ஏருக்குக் கட்டை. நம் மத்தியதர வீடுகளுக்கு அது வந்தது வேறொரு வேஷத்தில். நவராத்திரி கொலுவில் மேல்படியில் ஜோடியாக நிற்குமே, மூக்கும் முழியுமாக ஆண் ஒன்று பெண் ஒன்று, அந்த மரப்பாச்சி, திருப்பதியில் செம்மரத்தில் கடைந்தது. கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பார்கள். அவள் குழந்தை அதற்குப் பாவாடை கட்டி விளையாடும். வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதல் இல்லை என்பார்கள். குழந்தைக்கு வீக்கமோ கட்டியோ கண்டால் பாட்டி மரப்பாச்சியின் காலைக் கல்லில் இழைத்துப் பற்றுப் போடுவாள். பல வீடுகளில் மரப்பாச்சிக்குப் பாதம் தேய்ந்திருப்பதன் ரகசியம் இதுதான். அந்தப் பொம்மை இன்று கடத்தலுக்குப் பெயர்பெற்ற மரம் என்று சொன்னால் பாட்டிமார் நம்பமாட்டார்கள்.

கடத்தல் எப்படி வந்தது? ஒரு ரேகையால் வந்தது. செம்மரங்களுள் சிலவற்றில் வைரக் கட்டையின் நார் நேராக ஓடாமல், ஆற்று மணலில் காற்று எழுதின மாதிரி அலை அலையாக ஓடியிருக்கும். பட்டைக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ஜப்பானில் ஷாமிஸென் என்று மூன்று தந்தி வாத்தியம் ஒன்று இருக்கிறது. அதன் கழுத்துக்கு உயர்ந்த மரம் எது என்று அந்த நாட்டு வித்வானைக் கேட்டால் செம்மரம் என்பார். சீனாவில் இதைவிடப் பெரிய பைத்தியம். அங்கே ‘ஸிதான்’ என்று பெயர். சிங் வம்சத்துச் சக்கரவர்த்திகள் தங்கள் சிம்மாசனத்துக்கும் திரைத்தட்டிக்கும் அந்தக் கட்டையை உபயோகித்தார்கள். அரசர்கள் போனார்கள். ஆசை போகவில்லை. சீனாவில் புதிய பணக்காரர்கள் தோன்றியதும் ராஜாவீட்டு நாற்காலி தங்கள் கூடத்திலும் இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். 1999-இல் பெய்ஜிங்கில் இந்த மரச்சாமான்களுக்கென்றே ஒரு காட்சிசாலை திறந்தார்கள். அணு உலைக்கு இந்தக் கட்டை வேண்டும், அதனால்தான் இவ்வளவு விலை என்று நம் ஊர் பஸ்களில் அடித்துச் சொல்வார்கள். அது வெறும் கதை. நாற்காலியும் வாத்தியமுந்தான் விஷயம்.

விலை ஏறியது. 1995-இல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் செம்மரம் சேர்ந்தது. காட்டு மரத்தை வெட்டுவதும் ஏற்றுமதி செய்வதும் குற்றம். பிடிபட்ட கட்டைகளை மட்டும் ஆந்திர சர்க்கார் ஏலம் போடலாம். 2014-இல் போட்ட ஏலத்தில் முதல் தரக் கட்டை டன் ஒரு கோடி ரூபாயைத் தாண்டிற்று. 2021-இல் இதை வைத்தே ஒரு தெலுங்குப் படம் வந்து சக்கைப்போடு போட்டது. அதில் கதாநாயகன் சுமைக்கூலியாக ஆரம்பித்து எஜமானனாக முடிகிறான். நிஜக் காட்டில் சுமைக்கூலி சுமைக்கூலியாகவே முடிகிறான்.

இங்கே எல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழந்தமிழ்நாட்டுக்கு வடக்கெல்லை வேங்கடமலை என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்தது. அந்த வேங்கடந்தான் செம்மரத்தின் தாய்வீடு. 1911-இல் சித்தூர் ஜில்லா உண்டானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்ததும் சித்தூர் ஜில்லா முழுவதும், திருத்தணி உட்பட, அதோடு போயிற்று. ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகத்தாரும் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். பாடஸ்கர் தீர்ப்பு, 1959-இல் எல்லை மாற்றச் சட்டம், கடைசியில் 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி நம்மிடம் திரும்பியது. திருப்பதி அங்கேயே நின்றுவிட்டது. கிளர்ச்சி செய்தவர்கள் கோயிலை நினைத்தார்கள், பாஷையை நினைத்தார்கள். மரத்தை ஒருவரும் நினைக்கவில்லை. நினைக்க அப்போது காரணமும் இல்லை. ஆனால் கோடு விழுந்தபோது வேங்கை மரமாய் நின்ற சாமி கோட்டுக்குத் தெற்கேயும், செம்மரக் காடு ஏறத்தாழ முழுவதும் வடக்கேயும் ஆகிவிட்டது. அதனால் ஓர் ஏழைத் தமிழன் அந்த மரத்தைத் தொடப் போனால், திருட்டோடு கூட அந்நியன் என்கிற பழியும் சேர்ந்துகொண்டது.

போகிறவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் அந்த மலைகளில் சந்தனம் இருந்தது. மரம் வெட்டும் கை அங்கே தலைமுறையாகப் பழகியது. சந்தனம் அழிந்தபின் கையும் கோடரியும் மட்டும் மிச்சம். மானாவாரிச் சாமையும் மழை பொய்த்தால் இல்லை. அப்போது மேஸ்திரி ஒருவன் வருகிறான். முன்பணம் கொடுக்கிறான். எந்த ஊர், யார் முதலாளி என்பதெல்லாம் தெரியாது. பஸ் ஏறி, இறங்கி, ராத்திரியில் காட்டுக்குள் நடந்து, வெட்டி, செதுக்கி, தலையிலும் தோளிலும் சுமந்து ரோட்டோரம் சேர்த்துவிட்டால் கூலி. நாற்காலியில் உட்காரப்போகிற சீனாக்காரரின் பெயர் மேஸ்திரிக்கே தெரிந்திருக்காது.

2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் இரண்டு வன இலாகா அதிகாரிகள் கடத்தல்காரர்களால் கொல்லப்பட்டார்கள். அவர்களும் மாதச் சம்பளக்காரர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். அதன்பின் ஆந்திர சர்க்கார் தனிப் படை அமைத்தது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி விடியற்காலையில், திருப்பதிக்குப் பக்கத்துச் சந்திரகிரிக் காட்டில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கல்லாலும் கோடரியாலும் தங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். தப்பி வந்தவர் ஒருவர் வேறு விதமாகச் சொன்னார். நகரிப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தித் தம்மோடு வந்தவர்களை இறக்கிக்கொண்டு போனதாகவும், ஒரு பெண்ணுக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்திருந்ததால் தாம் தப்பியதாகவும் சொன்னார். தேசிய மனித உரிமைக் கமிஷன் வரையில் விவகாரம் போயிற்று. நகரி, திருத்தணிக்கு அடுத்த ஊர். மலைமேலிருந்து தெரிகிற அந்த மூக்கின் அடியில் இருக்கிறது.

அன்றைய பத்திரிகைகளில் படம் வந்தது. கல்லும் மண்ணுமான தரையில் மனிதர்கள் கிடந்தார்கள். பக்கத்தில் செதுக்கிய கட்டைகள் கிடந்தன. கட்டைகளின் மேல் வெள்ளைப் பெயிண்டு அடையாளங்கள் தெரிந்தன. புதிதாக வெட்டிய கட்டையில் பெயிண்டு எப்படி வந்தது என்று பல பேர் கேட்டார்கள். எனக்கு அந்தப் படத்தில் மனிதர்களின் காலைத்தான் பார்க்க முடிந்தது. சில கால்களில் செருப்பில்லை.

பிறகும் ஆட்கள் போவது நின்றுவிடவில்லை. ஆந்திரச் சிறைகளில் தமிழ் பேசும் கூலிகள் ஆயிரக்கணக்கில் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஜாமீனுக்கு வக்கீல் வைக்க இருந்த ஆட்டையும் மாட்டையும் விற்ற குடும்பங்கள் உண்டு. மரத்தின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அழிகிற அபாயத்தில் உள்ளது என்று சர்வதேசச் சங்கம் முன்னே வகுத்திருந்தது. 2018-இல் கொஞ்சம் தேறிவிட்டது என்று ஒரு படி தளர்த்தினார்கள். இரண்டு மூன்று வருஷங்களிலேயே பழைய பட்டியலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வேங்கை மட்டும் சௌக்கியமாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். டம்ளருக்கும் கதவு நிலைக்கும் அதையும் வெட்டித்தான் வருகிறார்கள். அபாயத்தை நெருங்கிக்கொண்டிருக்கும் மரங்களின் வரிசையில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்காக யாரும் ராத்திரியில் எல்லை தாண்டுவதில்லை. ஜவ்வாது மலைக்காரன் வீட்டுக்குப் பின்னாலேயே வேங்கை நிற்கும். அவன் அதைத் தாண்டி நடந்து, பஸ் ஏறி, அதன் தம்பியை வெட்டுவதற்கு நூறு மைல் போகிறான்.

இப்போது தமிழ்நாட்டிலும் சில மிராசுதார்கள் பட்டா நிலத்தில் செம்மரம் நடுகிறார்கள். திருத்தணியைச் சுற்றியுள்ள கரம்பு அதற்கு ஏற்ற மண். கன்று வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வைரம் ஏறுவதற்கு ஒரு தலைமுறையாவது பிடிக்கும். தண்ணீர் அதிகம் பாய்ச்சி உரம் போட்டுச் செல்லமாக வளர்த்தால் மரம் பருக்குமே தவிர, வைரம் அந்த அளவுக்கு ஏறாது. வெட்ட அனுமதிக்கு வன இலாகாவுக்கு மனுப் போட வேண்டும், விற்க இன்னொன்று. உள்ளே அலை ஓடியிருக்கிறதா, நார் நேராகவே போயிருக்கிறதா என்பது அறுக்கிற அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்கு வாளருகே நின்று பார்ப்பது நட்டவரின் பேரனாக இருக்கும்.